குப்பைத் தீயும் ஸ்தல ஸ்தாபனங்களும்

ஒருவர் தம் வீட்டுக் குப்பையைத் தம் வாசலில் குவித்துக் கொளுத்தினால், அதைப்பற்றிப் பிறர் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று வாதிப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நெருப்பு அவருடைய வாசலில் இருப்பது உண்மை. ஆனால் புகை அங்கே நிற்பதில்லை. அடுத்த வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தையின் மூச்சிலும், எதிர் வீட்டுத் திண்ணையில் இழுப்பு நோயால் வருந்தும் முதியவரின் மூச்சிலும் அது அனுமதி கேளாமலே புகுகிறது. நிலத்துக்கு வேலி போடலாம். காற்றுக்கு வேலி போட முடியாது. எனவே குப்பையைக் கொளுத்துவது தனி மனிதரின் வீட்டுக் காரியம் அன்று. ஊரின் பொதுக் காரியம். ஊர்ப் பொதுக் காரியங்களை ஒழுங்கு செய்வதற்கென்றே நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் ஏற்பட்டிருக்கின்றன. இவ்விஷயத்தில் விதிகள் இல்லாமல் இல்லை. அபராதங்களும் இல்லாமல் இல்லை. ஆயினும் மாலை வேளையில் நம் ஊர்களில் தெருவழியே நடப்பவர்கள் ஏதேனும் ஒரு மூலையில் குப்பை புகைந்துகொண்டிருப்பதைக் காண்கிறார்கள். விதி இருந்தும் புகை ஓயாதது ஏன் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

இவ்வழக்கத்துக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது அதன் பழமை. நம் பாட்டன்மாரும் சருகு கொளுத்தினார்கள். வேப்பிலை மூட்டம் போட்டுக் கொசு விரட்டினார்கள். அவர்களுக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை குப்பையிலேயே இருக்கிறது. அக்காலத்துக் குப்பையில் இருந்தவை உலர்ந்த இலை, வைக்கோல், பனையோலை, கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம் ஆகியவை. அவற்றின் புகையும் நன்மை பயப்பதன்று. ஈரச் சருகு கனன்றால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவும் கரித்துகளும் எழவே எழும். ஆனால் இக்காலத்துக் குப்பையில் பால் உறையும், பிளாஸ்டிக் பையும், நைலான் கயிறும், மின்கம்பியின் மேலுறையும், ரப்பர்ச் செருப்பும், தேய்ந்த டயரும் கலந்து கிடக்கின்றன. பாட்டனார் கொளுத்தியதும் பேரன் கொளுத்துவதும் ஒரே பொருள் அல்ல. பெயர் மட்டுமே ஒன்று.

மின்கம்பி உறையிலும் குழாய்களிலும் காணப்படும் பாலிவினைல் குளோரைடு என்ற பொருள் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமில வாயு வெளிப்பட்டுக் கண்ணையும் தொண்டையையும் அரிக்கிறது. அதனோடு டையாக்ஸின் எனப்படும் நஞ்சுகளும் பிறக்கின்றன. இவை எளிதில் அழிவதில்லை. மண்ணிலும் புல்லிலும் படிந்து, கால்நடைகளின் கொழுப்பில் தங்கி, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் வாயிலாக மனிதனிடமே திரும்பி வருகின்றன. அவற்றுள் மிகக் கொடியது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997ம் வருஷத்தில் தீர்மானித்தது. 2001ம் வருஷத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தம், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை இந்நஞ்சுகள் பிறக்கும் வழிகளுள் ஒன்றாக எடுத்துக் கூறுகிறது. இந்தியா 2006ம் வருஷத்தில் அவ்வொப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது.

"எரித்தால் சாம்பலாகிவிடும், தொல்லை தீர்ந்தது" என்று நினைப்பவர்கள் நெருப்பின் இயல்பை அறியாதவர்கள். குப்பையை எரிப்பதற்கென்றே அமைக்கப்பெற்ற உலைகளில் 850 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தைக் குன்றாமல் காத்து, வெளிவரும் புகையையும் வடிகட்டுகிறார்கள். தெருவோரக் குவியலில் அவ்வளவு வெப்பமும் இல்லை. வேண்டிய காற்றோட்டமும் இல்லை. வடிகட்டியைப்பற்றிப் பேச்சே இல்லை. அது பாதி எரிந்தும் பாதி கனன்றும் கிடக்கிறது. அதனின்று எழும் துகள்களில் 2.5 மைக்ரான் அளவுக்குட்பட்டவை தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருப்பவை. மூக்கிலுள்ள மயிரும் தொண்டையிலுள்ள சளியும் அவற்றைத் தடுப்பதில்லை. அவை நுரையீரலின் அடிவரை சென்று, இருதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கேடு சூழ்கின்றன. ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள் நாளொன்றின் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது 2009ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் வகுத்த அளவு. உலக சுகாதார ஸ்தாபனமோ 2021ம் வருஷத்தில் 15 மைக்ரோகிராமே போதுமான வரம்பு என்று கூறிவிட்டது.

புகை செய்யும் கேட்டைப் பருவமும் பன்மடங்கு ஆக்குகிறது. கோடையில் நிலம் சூடேறுவதால் காற்று மேலெழுந்து புகையையும் உடன் கொண்டு போகிறது. மார்கழியிலோ, இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்தையொட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடிபோல் கவிந்துகொள்கிறது. அவ்வேளையில் மூட்டிய தீயின் புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே தேங்கி நிற்கும். நம் மக்கள் போகித் தீ மூட்டுவதோ மார்கழியின் கடைசி நாள் விடியற்காலையில். 2018ம் வருஷம் ஜனவரி 13ந் தேதி போகியன்று பனியும் புகையும் கலந்து சென்னையைச் சூழ்ந்ததனால் விமானங்கள் இறங்க வழி காணாமல் தாமதப்பட்டன. சில விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பப்பட்டன. பல கோடி ரூபாய் பெறும் கருவிகளை உடைய விமானமே அன்று திகைத்ததென்றால், சாலையோரத்தில் படுத்திருந்த ஏழையின் நுரையீரல் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

போகிப் பண்டிகையைக் குறை கூறுவது நமது நோக்கம் அன்று. வீட்டிலுள்ள பாழ்பட்ட பொருள்களைக் களைந்து, சுவருக்கு வெள்ளையடித்து, மனையைத் துப்புரவு செய்து தைத்திருநாளை வரவேற்பது மிக உயர்ந்த வழக்கம். ஆனால் வீட்டைத் துப்புரவு செய்து ஊர்க்காற்றை அழுக்காக்குவது துப்புரவு ஆகுமா? டயர் கொளுத்தச் சொன்ன முன்னோர் எவரும் இலர். அவர்கள் டயரைக் கண்டதே இல்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். காற்றைக் கெடுப்பது குற்றம் என்பது நேற்று வந்த கொள்கை அன்று. 1860ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278வது பிரிவு, அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களின் தேகாரோக்கியத்துக்குக் கேடு விளையும்படி காற்றைக் கெடுப்பவருக்கு 500 ரூபாய் வரையில் அபராதம் விதித்தது. அன்று அத்தொகை ஒரு சிறு குடும்பத்தின் ஆஸ்தி. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தொகை மாறவில்லை. 2024ம் வருஷம் ஜூலை மாதத்தில் அச்சட்டத்துக்குப் பதிலாக அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது. நாணயத்தின் மதிப்பு விழுந்த வேகத்தோடு ஒப்பிட்டால், தண்டனை வளரவில்லை; தேய்ந்திருக்கிறது.

1981ம் வருஷத்துக் காற்று மாசு தடுப்புச் சட்டம், எரிபொருள் அல்லாத எப்பொருளையும் குறித்த பிரதேசத்தில் எரிக்கலாகாதென்று உத்தரவிட ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் அளித்தது. 2016ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெளியான திடக் கழிவு விதிகள், குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ எறிவதும் எரிப்பதும் புதைப்பதும் கூடாதென்று கூறின. தெருப் பெருக்கும் தொழிலாளர் சருகுகளை எரிக்கலாகாதென்று உத்தரவிடுவதையும், மீறுபவர்மீது அபராதம் போடும் உபவிதிகள் செய்வதையும் ஸ்தல ஸ்தாபனங்களின் கடமையாக அவை விதித்தன. அதே வருஷம் டிசம்பர் மாதத்தில், ஸ்ரீமதி அல்மித்ரா படேல் தொடர்ந்த வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடெங்கும் தடை செய்தது. சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் செலுத்தவேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. அவ்வம்மையார் சுப்ரீம் கோர்ட்டில் முதலில் முறையிட்டது 1996ம் வருஷத்தில். இருபது வருஷம் ஓயாது வாதாடிய பிரஜை ஒருவரின் உறுதிக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

ஆக, சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் வேறோரிடத்தில் இருக்கிறது. அதே 2016ம் வருஷத்து விதிகள், குடிசைப் பகுதிகள் உட்பட எல்லா வீடுகளிலிருந்தும் தரம் பிரித்த குப்பையை வாசலுக்கே சென்று பெற்றுக்கொள்ளவேண்டும் என்ற கடமையையும் ஸ்தல ஸ்தாபனங்களின்மீது சுமத்தின. எரிக்காதே என்பது விதியின் ஒரு பாதி; எடுத்துச் செல்வேன் என்பது மற்றப் பாதி. முதற்பாதி ஜனங்களுக்கு, பிற்பாதி நகரசபைக்கு. ஜனங்களுக்குரிய பாதியை அபராதச் சீட்டோடு அமல் செய்ய முற்படும் அதிகாரிகள், தமக்குரிய பாதியையும் அதே சுறுசுறுப்போடு நிறைவேற்றுகிறார்களா என்பதே நமது கேள்வி. குப்பை வண்டி நாள்தோறும் வரும் தெருவில் எரிப்பவர் குற்றவாளி, அதில் ஐயமில்லை. வாரக்கணக்கில் வண்டி எட்டிப்பாராத சந்தில், நாறிப் புழுத்த குவியலுக்குத் தீ வைக்கும் ஏழைத் தாயை அதே தராசில் நிறுத்துவது நியாயம் ஆகாது.

இவ்விஷயத்தில் பிற நாட்டார் கற்ற பாடம் நமக்கும் உதவும். 1952ம் வருஷம் டிசம்பர் 5ந் தேதி முதல் 9ந் தேதி வரையில் லண்டன் மாநகரைப் பெரும் புகைமூட்டம் சூழ்ந்தது. சுமார் 4,000 பேர் அதனால் மாண்டனர் என்று அக்காலத்திலேயே கணக்கிட்டார்கள்; பின்னாளைய ஆராய்ச்சியாளர்களுள் சிலர் 12,000 பேர் வரையில் என்கிறார்கள். தொழிற்சாலைப் புகைபோக்கிகளோடு, லட்சக்கணக்கான வீடுகளில் குளிர் காய எரித்த நிலக்கரியும் அதற்குப் பெருங்காரணம். 1956ம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம், புகையற்ற வட்டாரங்களை ஏற்படுத்தும் அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அளித்தது. அவ்வட்டாரங்களில் வீட்டுப் புகையும் குற்றம் ஆயிற்று. ஆனால் அச்சட்டம் தண்டனையோடு நிற்கவில்லை. பழைய கணப்படுப்பை மாற்றிப் புகையில்லாத எரிபொருளுக்கு ஏற்றதாகச் செய்துகொள்ளும் செலவில் பத்தில் ஏழு பங்கை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கவும் அது வழி செய்தது. தடுத்த கையே உதவவும் செய்தது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் தம் வீட்டுப் பின்புறத்தில் சிறு உலை கட்டிக் காகிதம் முதலிய குப்பையை எரித்து வந்தனர். நகரத்தைப் புகைமூட்டம் வாட்டியதனால், பெரும் எதிர்ப்புக்கிடையே 1957ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவ்வுலைகள் தடை செய்யப்பட்டன. அதுவரை வீட்டார் எரித்து வந்த குப்பையை வாரிச் செல்லும் பொறுப்பு அதற்குப் பின் நகரத்தின்மீது வந்தது. அத்தடையால் மட்டும் அந்நகரத்தின் காற்று தூய்மையாகிவிடவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. மோட்டார் வண்டிகளின் புகை சூரிய ஒளியில் மாறுபட்டு நஞ்சாவதைப் பேராசிரியர் ஹாகன்ஸ்மித் முன்னரே கண்டறிந்திருந்தார். அதை அடக்கும் வேலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. பெரும் புகையை விட்டுச் சிறு புகையைப் பிடிப்பதா என்று நம் நாட்டில் ஆக்ஷேபிப்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது. இரண்டையும் அடக்கவேண்டும். தொழிற்சாலை புகைவிடுகிறது என்பது நாம் டயர் கொளுத்துவதற்கு உரிமைப் பத்திரம் ஆகாது. நாம் டயர் கொளுத்துகிறோம் என்பதும் தொழிற்சாலைக்குச் சாக்கு ஆகாது.

நம் ஸ்தல ஸ்தாபனங்கள் அதிகாரம் இல்லையென்று கைவிரிக்க முடியாது. சென்னை நகரசபை 1688ம் வருஷத்தில் தோன்றிய பழம்பெரும் ஸ்தாபனம். ரிப்பன் பிரபு 1882ம் வருஷத்தில் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, பிரஜைகள் ஆளக் கற்கும் பள்ளிக்கூடமாகவே இத்தகைய சபைகளைக் கருதினார். அவர் பெயர் தாங்கிய மாளிகையில்தான் சென்னை நகரசபை நடந்து வருகிறது. சுதந்திர இந்தியாவில் 1992ம் வருஷத்து 74வது அரசியல் சட்டத் திருத்தம், பொதுச் சுகாதாரத்தையும் குப்பை அகற்றுவதையும் நகரசபைகளுக்கு ஒப்படைக்கத்தக்க விஷயங்களாகப் பன்னிரண்டாவது அட்டவணையில் எழுதி வைத்தது. சுயாட்சி என்பது டில்லியிலும் கோட்டையிலும் மட்டும் நடக்கும் காரியம் அன்று. தன் தெருக் குப்பையைத் தானே ஆளத் தெரியாத ஊர் சுயாட்சியில் முதற்பாடத்தையே இன்னும் கற்கவில்லை.

நகரசபைகள் தம் சொந்த வாசலையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 2022ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டில் பற்றிய தீ சில நாட்கள் அணையாமல் புகைந்தது. 2023ம் வருஷம் மார்ச் மாதத்தில் கொச்சி நகரத்துப் பிரம்மபுரம் குப்பைமேடு பத்து நாட்களுக்கு மேல் எரிந்தது. ஜனங்கள் வீட்டை விட்டு வெளிவர அஞ்சினர். வாசலில் ஒரு கூடைச் சருகு எரித்தவரிடம் அபராதம் வசூலிக்கும் சபை, மலைபோன்ற குப்பையைத் தானே குவித்து அது தானே எரியும்படி விட்டால், அதன் சொல்லுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

இன்னும் ஒன்று. அதிகாலையில் தெருவைப் பெருக்கும் தொழிலாளி சில சமயம் சருகுக் குவியலுக்குத் தீ வைப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. அள்ளிச் செல்ல வண்டி இல்லை. கொட்ட இடம் இல்லை. மேஸ்திரி வருவதற்குள் தெரு சுத்தமாகத் தோன்றவேண்டும். தீக்குச்சி ஒன்றே அவருக்குக் கொடுக்கப்பட்ட கருவி. அப்புகையை எல்லோருக்கும் முன்னால் சுவாசிப்பவரும் அவரே. விதி மீறப்பட்டதற்காக அவருடைய அற்பக் கூலியில் கை வைப்பது கொடுமை; வண்டி அனுப்பத் தவறிய அதிகாரியையே முதலில் கேட்கவேண்டும்.

எனவே நாம் கூறும் யோசனைகள் சில. ஒவ்வொரு வட்டத்திலும் குப்பை வண்டி வரும் நேரத்தைத் தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்டவேண்டும். வராத நாளுக்கு யார் பொறுப்பு என்பதையும் உடன் எழுதவேண்டும். பூங்காவிலோ புறம்போக்கிலோ சருகுக் குழி தோண்டி, உதிரும் வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி இலைகளை மக்கவைத்தால், நெருப்புக்கு இரையாகும் பொருள் செடிக்கு உரமாகும். சென்னை நகரசபை அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன்னர்ப் பழந்துணி, டயர், பிளாஸ்டிக் முதலியவற்றைத் தன் ஊழியரிடம் ஒப்படைக்கும்படி அறிவித்திருக்கிறது. இந்நல்ல ஏற்பாடு சிற்றூர்ப் பஞ்சாயத்து வரையில் பரவவேண்டும். பண்டிகை வாரத்தோடு நின்றுவிடவும் கூடாது. அபராதத்தைப் பொறுத்தவரையில், முதன்முறை எச்சரிக்கையும், மறுமுறை தண்டனையும், பெருமளவில் எரிக்கும் வியாபாரிகளுக்கும் கட்டட முதலாளிகளுக்கும் தயவு தாட்சண்யமற்ற தண்டனையும் என்ற முறையே நேர்மையானது.

ஜனங்களின் கடமையும் சிறிதன்று. அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு, இயற்கைச் சூழலைக் காப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று வகுத்திருக்கிறது. வண்டி வரவில்லை என்பது முறையிடுவதற்குக் காரணம். பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதற்குக் காரணம் அன்று. பிளாஸ்டிக்கைத் தனியே கட்டி வைத்தால் அது அழுகுவதில்லை, நாறுவதில்லை, நாலு நாள் காத்திருக்கும். அழுகும் குப்பையைத் தோட்டத்து மூலையில் புதைத்தால் மண்ணாகும். வெந்நீர் அடுப்பு விரைவில் பற்றுவதற்காகப் பிளாஸ்டிக் பையைச் செருகும் வழக்கத்தை அறவே விடவேண்டும்; அந்நஞ்சு முதலில் தாக்குவது அடுப்பருகே நிற்கும் நம் வீட்டுப் பெண்களையே. பண்டங்களைத் துணிப்பையில் வாங்கி வருபவர் வீட்டில் எரிக்க வேண்டிய உறையே குறைந்துவிடும். தமிழ்நாடு சர்க்கார் 2019ம் வருஷம் ஜனவரி முதல் தேதியில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்ததும், 2021ம் வருஷத்தில் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியதும் இந்நோக்கத்தோடுதான். கடையில் பையை மறுப்பது, வாசலில் தீயை அணைப்பதற்குச் சமம்.

உணவு கெட்டால் வேறு உணவு தேடலாம். நீர் கெட்டால் காய்ச்சிக் குடிக்கலாம். காற்று கெட்டால் ஏழையும் பணக்காரரும் அதையே சுவாசிக்கவேண்டும். பணக்காரர் அறைக்குள் காற்று வடிகட்டும் யந்திரம் வைத்துக்கொள்ளலாம். அவர் குழந்தையும் பள்ளிக்கூடத்துக்குத் தெருவழியேதான் போகவேண்டும். நகரசபைகள் தம் பாதியைச் செய்யட்டும். பிரஜைகள் தம் பாதியைச் செய்யட்டும். எவர் முதலில் தொடங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது காலம் அன்று. வரும் போகியன்று விடியும்போது நம் தெருக்களில் சூரியன் தெளிவாகத் தோன்றுமானால், நம் ஊரை நாமே ஆளத் தகுதி பெற்றோம் என்று நாம் மெய்யாகவே பெருமை கொள்ளலாம்.